படியில் நிற்காதே

கூட்டேரிப்பட்டு என்று சொன்னால் பலருக்கு ஓர் ஊர் நினைவுக்கு வராது. பஸ் நிற்கிற இடம்தான் நினைவுக்கு வரும். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கிக்கொள்ளும் கூட்டு ரோடு அது. எனக்கு மட்டும் அது ஊர். என் அக்காவை அங்கேதான் கொடுத்திருக்கிறோம்.

எழுத்து வேலை ஏதாவது தேங்கிப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவது என் வழக்கம். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இரவும் பகலும் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆனால் அந்தச் சத்தம் எதுவும் நம்மைக் கூப்பிடுகிற சத்தம் அல்ல. எழுதுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இந்தத் தடவை என் பையில் இருந்தது ஒரு நாவலின் அச்சுப்படி. அதைத் திருத்திப் பார்க்கிற பெரியவருக்குப் பென்சில் பழக்கம். சந்தேகம் வருகிற இடத்திலெல்லாம் ஓரத்தில் மெலிதாக ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதிவைப்பார். மொத்தம் முப்பத்தேழு கேள்விகள். தாம்பரத்தில் ஆரம்பித்துத் திண்டிவனம் வருவதற்குள் முப்பத்தேழுக்கும் 'இருக்கட்டும்' என்று எழுதி முடித்துவிட்டேன். முதல் ஐந்தாறு கேள்விகளைப் படித்தேன் என்று நினைக்கிறேன். 'இங்கே ப் மிகுமா?', 'இங்கே கால்புள்ளி தேவையா?' என்று ஒரே சந்தி விவகாரம். பாக்கியும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். பெரியவருக்கு இது என் மூன்றாவது புத்தகம். அவர் போக்கு எனக்குத் தெரியாதா!

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்துக்கு வந்தால், அங்கே இருந்த ஒரே மேஜை விசிறி மனிதர் யார் மேலும் காற்று வீசவில்லை. ஸ்டூலின் மேல் இருந்த ஒரு பழைய மடிக்கணினிக்கு வீசிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் சுவரில் சாய்ந்தபடி அக்கா பிள்ளை உட்கார்ந்திருந்தான். திண்டிவனத்தில் கல்லூரியில் கணினி படிக்கிறான். மடிக்கணினி அவனுடையது அல்ல. அவன் அக்கா அரசுப் பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப் போனவற்றுள் இதுவும் ஒன்று.

"என்ன மாப்பிள்ளை, அதுக்குக் காய்ச்சலா?" என்றேன்.

"ஆமா மாமா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சது. விடியிறதுக்குள்ள முடிஞ்சா அதிர்ஷ்டம்" என்றான்.

திரையில் எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கல்லூரியின் முதல் இரண்டு வருஷத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். கணினியில் தமிழ் தட்டத் தெரியும், அவ்வளவுதான். அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

கணினியை முடுக்கினதும் திரையில் வந்து நிற்கிறதே, அத்தனைக்கும் அடியில் இருந்து வேலை செய்வதற்கு இயங்குதளம் என்று பெயர். யாரோ செய்து வைத்ததை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் உலக வழக்கம். விண்டோஸ் அப்படித்தான். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை ஆதாரமாகக் கொண்டு செய்த பாஸ் லினக்ஸும் அப்படித்தான். என் மருமகனுக்கு அது போதவில்லை. கடையில் மாவு பாக்கெட் விற்கும்போது, அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுக் கல்லுரலில் ஆட்டித்தான் தோசை வார்ப்பேன் என்கிற ரகம். மனிதர்கள் எழுதிய மூல நிரல்களைக் கொண்டுவந்து, தன் கையாலேயே ஒவ்வொன்றாக இயந்திர மொழிக்கு மாற்றி, ஒரு முழு லினக்ஸைக் கட்டுகிறான். இதற்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பவர் 1999-ல் தொடங்கியது. இன்று வரை பலர் சேர்ந்து புதுப்பித்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கூடுகிற இடத்துக்குப் போய்ப் போய் இந்தப் பித்துப் பிடித்ததாக அக்காவின் கட்சி.

இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிற நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், முதலில் இருக்கிற கம்பைலரைக் கொண்டு ஒரு புதுக் கம்பைலர் செய்ய வேண்டும். அதைக் கொண்டு மற்றொன்று செய்ய வேண்டும். கருமான் தன் சுத்தியலைத் தானே அடித்துக்கொள்வது போல. அன்று இரவு ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கட்டம்.

எழுத்துக்களுக்கு நடுவே அடிக்கடி ஊதா நிறத்தில் ஒரு வார்த்தை மின்னியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைதான்: எச்சரிக்கை.

"அடேயப்பா, இத்தனை தப்பா?" என்றேன்.

"தப்பு இல்ல மாமா, வார்னிங். தப்புன்னா செக்கிங் இன்ஸ்பெக்டர் ரோட்டுல கை காட்டுற மாதிரி, வண்டி நின்னுடும். வார்னிங்னா கண்டக்டர் 'படியில நிக்காத, உள்ள ஏறு'ன்னு கத்துறாரே, அது. வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

"கண்டக்டர் கத்தினால் யார் கேட்கிறார்கள்?"

"அதான் மாமா விஷயமே" என்றான்.

கம்பைலர் கத்துகிற விஷயங்கள் பலவிதம். ஒரு பெயரை அறிவித்தீர், அதைப் பிறகு பயன்படுத்தவேயில்லை என்கிறது. இந்தப் பெட்டியில் ஒன்றும் போடாமலே அதிலிருந்து எடுக்கிறீர் போலிருக்கிறதே என்கிறது. கழித்தல் குறி உள்ள எண்ணையும் இல்லாத எண்ணையும் ஒப்பிடுகிறீர், விடை கோணலாகலாம் என்கிறது. இவற்றில் பல வெறும் முணுமுணுப்பு. பழைய நாளில் இந்தக் குறை சொல்லும் வேலையைக் கம்பைலர் செய்யவில்லையாம். பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டீபன் ஜான்சன் 1970-களில் அதற்கென்றே தனியாக ஒரு நிரல் எழுதி, 'லின்ட்' என்று பெயர் வைத்தார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறு என்று அர்த்தம். பெயரிலேயே ஓர் அலட்சியம் தொனிக்கிறது, கவனித்தீர்களா? பிசிறுதானே, தட்டிவிட்டால் போயிற்று!

அவன் மடியில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ஓடுகிற எழுத்தெல்லாம் ஒரு கோப்பில் சேர்கிறது. அதிலிருந்து எச்சரிக்கைகளை மட்டும் பொறுக்கி எடுத்து நோட்டில் மூன்று பத்தியாக எழுதிக்கொண்டிருந்தான். 'சும்மா', 'சில்லறை', 'பாக்கணும்' என்று தலைப்பு. முதல் பத்தி பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது. மூன்றாவதில் ஒன்பதோ பத்தோ.

"உன் புத்தகம் இதையெல்லாம் எழுதச் சொல்கிறதா?"

"இல்ல மாமா. கண்டுக்க வேணாம்னுதான் போட்டிருக்கு."

உண்மைதான், எனக்குக் காட்டினான். மொழியின் இலக்கணம் மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய நிரல்கள் பழைய நடையில் இருக்கின்றன, அதனால் வரும் எச்சரிக்கைகள் சகஜம், விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். நியாயமான பேச்சு. தொல்காப்பியத்தை வைத்துக்கொண்டு இன்றைய தினசரியைத் திருத்த உட்கார்ந்தால் என்ன ஆகும்? இதுவும் அப்படித்தானே, நேர்மாறாக!

"பின்னே என்ன? அதன் வாயை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கேன்" என்றேன்.

"அடைக்கலாம் மாமா. கட்டளையில ஒரு கோடு, பக்கத்துல ஒரு டபிள்யூ. ஒரே எழுத்து. அப்புறம் மூச்சு விடாது." சொல்லிவிட்டுச் சற்று நேரம் திரையையே பார்த்தான். "டெபியன் கதை தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். கதை என்று சொன்னால் நான் எழுந்து போக மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

பாஸ் லினக்ஸுக்கு ஆதாரம் என்று சொன்னேனே, அதே டெபியன். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்து நடத்துவது. அதில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற ஒரு பகுதி, இரகசியச் சாவிகளைச் செய்து தருவது. சாவி என்றால் நீளமான ஓர் எண். அதை யாரும் ஊகிக்க முடியாதபடி, எங்கெங்கிருந்தோ தற்செயலான எண்களைத் திரட்டிக் கலக்கிச் செய்ய வேண்டும். இந்தப் பகுதியைச் சோதனைக் கருவிகளில் போட்டுப் பார்த்தவர்கள், ஒன்றும் போடாத பெட்டியிலிருந்து எடுக்கிறது என்று குறை வந்துகொண்டேயிருப்பதைக் கண்டார்கள். இது கம்பைலர் சொன்னது அல்ல, நிரல் ஓடும்போது பார்க்கும் வேறு கருவிகள் சொன்னது, சாதி ஒன்றுதான். 2006-ல் அதைப் பராமரித்தவர் குறைக்குக் காரணமான வரி இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்தார். அசட்டையான ஆள் அல்ல. எடுத்துவிடலாமா என்று மூல ஆசிரியர்கள் கூடும் இடத்தில் எழுதிக் கேட்டார். எடுக்காதே என்று யாரும் தடுக்கவில்லை. இரண்டையும் எடுத்தார். குறைகூறல் நின்றது.

ஓரிடத்தில் அந்த வரி உண்மையிலேயே வேண்டாத பிசிறு. மற்ற இடத்தில் அதுதான் உயிர். திரட்டிய எண்களை உள்ளே ஊற்றுகிற வரி. அது போன பிறகு, சாவிக்குக் கிடைத்த தற்செயல், ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் ஒன்று மட்டும். அது 32,768-க்கு மேல் போகாது. கோடானுகோடி சாவிகளுக்குப் பதிலாக, ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடக்கூடிய சாவிகள். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவுக்கும் இது போயிற்று. ஏறக்குறைய இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்தார். ஊர் ஊராகச் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

"அந்த மனுசன் நல்லதுதான் மாமா பண்ணாரு" என்றான் மருமகன். "வார்னிங் நின்னா பிரச்சினை தீந்துச்சுன்னு நெனச்சிட்டாரு."

அந்த வாக்கியத்தை அவன் சொன்ன விதம், பையன்கள் படித்ததை ஒப்பிக்கிற விதமாக இல்லை. எனக்கு அது புரியவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் அக்கா கொல்லையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். "ராத்திரி பூரா அந்த நோட்டும் கையுமா இருக்கான், பாத்தியா? நீ சொன்னா கேப்பான். சொல்லுடா" என்றாள். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். அக்கா தவிட்டுக் கையைத் தொட்டி விளிம்பில் தட்டினாள்.

"கன்னுக்குட்டி போனதிலேருந்துதான்" என்றாள்.

ஃபெஞ்சல் புயல் வந்த சமயம். 2024 நவம்பர் கடைசி வாரம். அந்தப் புயலை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், மறுபடி ஆயிற்று என்றார்கள். கடலிலேயே நாள் கணக்கில் தயங்கிக் கொண்டிருந்தது. போனில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்துகொண்டேயிருந்தது. முதல் நாள் அக்கா வீட்டில் கோழிக்கூண்டை மேலே ஏற்றினார்கள், சாமான்களை அடுக்கினார்கள். தூறலோடு நின்றது. அடுத்த நாளும் அப்படியே. நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி பக்கம் கரையேறியது. கரையேறியதோடு போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு பருவத்து மழை முழுவதும் என்று சொல்லலாம்.

அன்று சாயங்காலமும் செய்தி வந்ததாம். வீட்டில் போன் பையன் கையில்தான் இருக்கும். தினம் பத்துத் தடவை சிணுங்குகிறதே என்று அவன் ஒலியை நிறுத்தி வைத்திருந்தான். கொட்டகை கொல்லையின் பள்ளத்தில் இருக்கிறது. விடிகாலையில் அக்காவின் கணவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பசுவை அவிழ்த்துவிட்டார். கன்று குட்டையான முளையில் கட்டியிருந்தது.

"அவன் ஒரு வார்த்தை பேசல. நாங்களும் ஒன்னும் கேக்கல. யார் கேக்குறது? நானும்தானே பாக்காம வுட்டேன்" என்றாள் அக்கா.

அன்று இரவு நானும் போன் செய்திருந்தேன். "தெனம் இதேதான் சொல்றாங்க, ஒன்னும் வராது" என்று அக்கா சொன்னதைக் கேட்டு, ஆமாம் ஆமாம் என்று சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடம் சொல்லவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும் என் மனசு பையன் பக்கம் முழுக்கச் சாயவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் மாறாத ஒரே கூக்குரலை ஆயிரம் தடவை எழுப்பிவிட்டு, கேட்கவில்லையே என்று மனிதர்களைக் குறை சொல்லுவது என்ன நியாயம்? லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இந்தச் சலிப்பு வந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் அவர், எச்சரிக்கை எல்லாவற்றையும் தப்பாகவே கொண்டு வண்டியை நிறுத்திவிடு என்று விதி போட்டார். உலகத்தில் எத்தனை விதக் கம்பைலர், எத்தனை விதக் கணினி! எங்கெங்கேயோ வண்டிகள் நின்றன. சில நாளில் அவரே விதியைச் சோதனைக் கட்டுமானங்களுக்கு மட்டும் என்று தளர்த்தினார். எல்லாவற்றுக்கும் நிற்பதும் ஆகவில்லை, எதற்கும் நிற்காமலிருப்பதும் ஆகவில்லை. ஆனது ஒன்று உண்டு. அது அலுப்பான காரியம். ஒரு கிளையில் வேலை முடிந்ததும் நிறுத்து என்று எழுத மறந்தால் நிரல் அடுத்த கிளைக்குள் விழுந்துவிடும். வேண்டுமென்றே அப்படி விடுவதும் உண்டு. லினக்ஸில் அப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் இருந்தன. குஸ்தாவோ சில்வா என்பவரும் வேறு சிலரும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகப் பார்த்து, இது வேண்டுமென்று விட்டது, இது மறந்து விட்டது என்று பிரித்தார்கள். மறந்து விட்டவை நிஜமாகவே அகப்பட்டன. 2019-ல் வந்த 5.3-ஆம் பதிப்பிலிருந்து அந்த எச்சரிக்கையை நிரந்தரமாகவே திறந்துவைக்க முடிந்தது. மருமகனின் நோட்டுதான், பெரிய அளவில்.

இரண்டாம் நாள் மாலை அவன் சிநேகிதன் ஒருவன் வந்திருந்தான். கட்டி முடிந்த பகுதியில் ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு நிரலை ஏற்ற வேண்டும். எனக்காகத்தான், மாமா வந்திருக்கிறார், தமிழில் தட்டிக் காட்ட வேண்டும் என்று. கம்பைலர் மறுத்தது. அறிமுகமில்லாத ஒருவனைக் கூப்பிடுகிறீர், அவன் என்ன கொண்டுவருவான் என்று எனக்குச் சொல்லவில்லை என்றது.

இது 1999 வரை அனுமதிக்கப்பட்ட வழக்கம். அறிமுகம் இல்லாவிட்டால், அவன் ஒரு சாதாரண எண்ணைக் கொண்டுவருவான் என்று கம்பைலர் தானாக எண்ணிக்கொள்ளும். அந்த வருஷத்து இலக்கணம் இதை நீக்கியது. ஆனாலும் கம்பைலர்கள் தாட்சண்யம் பார்த்து எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தன. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-தான் இனி இது தப்பு என்று வண்டியை நிறுத்தியது. இருபத்தைந்து வருஷம் படியில் நிற்காதே என்று கத்திய பிறகு!

"ஒரு கொடி போட்டா பழையபடி வார்னிங்கா மாத்திடலாம்டா" என்றான் சிநேகிதன். போட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை மின்னிவிட்டு நிரல் உருவாயிற்று. என்னை அழைத்து உட்காரவைத்தார்கள். நான் 'அ' என்று தட்டினேன். நிரல் செத்து விழுந்தது. மறுபடி 'அ'. மறுபடி விழுந்தது. என் கைராசி அப்படி.

சிநேகிதன் போன பிறகு மருமகன் நோட்டை எடுத்தான். அரைமணி நேரத்தில் அகப்பட்டது. அறிமுகமில்லாத அந்த ஆசாமி கொண்டுவந்தது சாதாரண எண் அல்ல, நினைவகத்தில் ஓர் இடத்தின் விலாசம். இந்தக் கணினியில் விலாசம் 64 இலக்கம். சாதாரண எண்ணுக்குக் கம்பைலர் ஒதுக்கும் இடம் 32. பாதி வெட்டுப்பட்டுப் போயிற்று. நிரல் எழுதப்பட்ட காலத்துக் கணினிகளில் இரண்டும் 32. அதனால் எழுதியவர் தப்பித்தார்.

"கூட்டேரிப்பட்டுன்னு எழுதின கவர்ல பாதியக் கிழிச்சிட்டு வெறும் 'பட்டு'ன்னு தபால்ல போட்ட மாதிரி மாமா" என்றான்.

செங்கல்பட்டா, சேத்துப்பட்டா, எந்தப் பட்டு என்று தபால்காரர் எங்கே போவார்! நிவர்த்தி என்ன தெரியுமா? நிரலின் தலையில் ஒரே வரி. இன்னார் இன்னதைக் கொண்டுவருவார் என்று அறிமுகம். எழுதினான். கட்டினான். 'அ' என்று தட்டினேன். திரையில் 'அ' வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா ரெண்டு நாளு?" என்றாள்.

அப்போது கரண்டு போயிற்று. விசிறி நின்றது. மடிக்கணினியின் மின்கலத்தில் பத்து நிமிஷம்தான் உயிர் இருந்தது. அவன் வேலையைப் பத்திரமாக நிறுத்தி மூடினான். நான் திண்ணைக்கு வந்து, அக்கா கொடுத்த சார்ஜர் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து அச்சுப்படியை எடுத்தேன். 'இருக்கட்டும்' என்று நான் எழுதியதற்குக் கீழே பெரியவரின் கேள்வியைத் தேடித் தேடி வாசிக்க வேண்டியிருந்தது. என் பேனா எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தது.

ப் மிகுமா, மிகாதா. கால்புள்ளி. மறுபடி ப். பதினான்காவது கேள்வி இப்படி இருந்தது: '62-ஆம் பக்கத்தில் இவருக்கு இடக்கை விளங்காது என்கிறீர்கள். இங்கே இடக்கையால் பேரனைத் தூக்கித் தோளில் வைக்கிறாரே?'

அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். விளங்காதுதான். நாவலில் அந்தக் கிழவர் பேரனைத் தூக்குகிற அந்த இடத்தை எழுதிவிட்டு நானே கண் கலங்கியிருக்கிறேன்.

மருமகன் நோட்டோடு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். என் கையிலிருந்த காகிதங்களை எட்டிப் பார்த்தான்.

"எத்தனை மாமா?"

"முப்பத்தேழு."

"நெசம் எத்தனை?"

"இதுவரைக்கும் ஒன்று. இன்னும் இருபத்துமூன்று பாக்கி" என்றேன்.

அவன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மூன்று பத்தியாகக் கோடு போட்டுக் கொடுத்தான்.